வானத்திலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு? – விளையாட்டு வானூர்திக் காப்புறுதியின் கதை



பள்ளி விடுமுறை தொடங்கினால் திடலெங்கும் பட்டம் பறந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதே திடலில் நான்கு விசிறிகள் சுழலும் 'டிரோன்' பறக்கிறது. என் வகுப்பு மாணவர் சிலரிடமும் அது இருக்கிறது. பிறந்தநாள் பரிசாக அப்பா வாங்கித் தந்தார் என்று பெருமையோடு சொல்லுகிறார்கள். அண்மையில் பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தந்தையார், "ஐயா, பையன் விடுகிற டிரோன் அடுத்த வீட்டுக் கார் கண்ணாடியில் விழுந்தால் காப்புறுதி பணம் கட்டுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கண்ணாடி என்றால் பணத்தோடு முடிந்துவிடும். ஒரு குழந்தையின் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதுதான் அக்கேள்விக்குள் மறைந்திருக்கும் பெரிய கேள்வி.

இக்கேள்விக்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு. மனிதன் வானில் ஏறிய நாள்தொட்டே கீழே இருப்பவன் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. அதன் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

தோட்டத்தில் இறங்கிய பலூன்

1783 ஆகஸ்டு 27 அன்று பாரிசு நகரிலிருந்து நீர்வளி நிரப்பிய பலூன் ஒன்று ஆளில்லாமல் ஏற்றிவிடப்பட்டது. அது கொனேசு என்னும் சிற்றூரில் இறங்கியது. ஏதோ கொடிய விலங்கு வானிலிருந்து வந்துவிட்டது என்று அஞ்சிய ஊரார் கவைக்கோல்களால் அதைக் குத்திக் கிழித்தனர். அடுத்த ஆண்டே, 1784 ஏப்ரலில், இசைவு பெறாமல் பலூன் விடலாகாது என்று பாரிசு காவல்துறை ஆணையிட்டது. வான்போக்குவரத்தைப் பற்றிய முதல் சட்டம் என்று இதனைக் குறிப்பிடுவர். ஆளில்லாத ஒன்றைப் பறக்கவிட்டதிலிருந்துதான் வான் சட்டத்தின் கதையே தொடங்குகிறது என்பது கருதத்தக்கது.

இழப்புக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு நியூயார்க்கில் விடை கிடைத்தது. கில் என்பவர் பலூனில் ஏறி, சுவான் என்பவரின் தோட்டத்தில் இறங்கினார். தொட்டிலுக்கு வெளியே தொங்கியபடி உதவி கேட்டுக் கூவினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. கிழங்குச் செடிகளும் முள்ளங்கியும் பூஞ்செடிகளும் மிதிபட்டு அழிந்தன. பலூன் விளைத்த இழப்பு ஏறத்தாழ 15 டாலர்தான். கூட்டம் மிதித்து விளைத்த இழப்போ அதைவிடப் பன்மடங்கு.

"நான் பலூனை மட்டுந்தானே கொண்டுவந்தேன், கூட்டத்தை நானா அழைத்தேன்?" என்பது கில் தரப்பின் வாதம். 1822-இல் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பலூனில் ஏறுகிறவன் எங்கே இறங்குவோம் என்பதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாது. அவன் இறங்கும் இடத்தில் கூட்டம் கூடும் என்பதும் எதிர்பார்க்கத்தக்கதே. ஆகவே 90 டாலர் முழுவதையும் அவனே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

கட்டுப்பாட்டை இழக்கக்கூடிய ஒன்றை வானில் விடுகிறவன், அது விழுவதால் வரும் விளைவையும் ஏற்க வேண்டும் என்னும் எண்ணத்தை இத்தீர்ப்பு அழுத்தமாக நிலைநாட்டியது. டிரோனுக்கும் இது பொருந்தாதா? மின்கலம் தீர்ந்தாலும் காற்று அடித்தாலும் தொடர்பு அறுந்தாலும் அது எங்கே விழும் என்பதைக் கையில் கருவி வைத்திருப்பவரால் சொல்ல இயலாது.

ஒரு பொம்மையும் இரண்டு சிறுவர்களும்

இப்படிச் சொன்னவுடன் "அப்படியானால் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்" என்று சிலர் முடிவுகட்டிவிடக்கூடும். அவர்களுக்காக ஒரு செய்தி.

பிரான்சு நாட்டு இளைஞர் அல்போன்சு பேனோ 1871-இல் முறுக்கிய இரப்பர் நாடாவின் விசையால் இயங்கும் சிறு வானூர்தி ஒன்றைப் பாரிசில் ஒரு பூங்காவில் பறக்கவிட்டுக் காட்டினார். அது பறந்தது 11 விநாடி; கடந்த தொலைவு ஏறக்குறைய 40 மீட்டர். அவர் வடிவமைத்த சுழல்விசிறிப் பொம்மையின் வகையைச் சேர்ந்த ஒன்றை, 1878-இல் அமெரிக்கத் தந்தை ஒருவர் தம் பிள்ளைகளுக்கு வாங்கிவந்து கொடுத்தார். பிள்ளைகளுக்கு அப்போது வயது பதினொன்றும் ஏழும். பொம்மை உடைந்ததும் அவர்களே புதிதாய்ச் செய்து பறக்கவிட்டனர். அவர்கள்தாம் வில்பர் ரைட், ஓர்வில் ரைட். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஆக்கில் நடந்ததை நாம் பாடமாகவே நடத்துகிறோம்.

தடுப்பது எளிது. பறப்பதற்குரிய ஒழுங்கைக் கற்றுக்கொடுப்பதுதான் நம் வேலை. காப்புறுதியும் அவ்வொழுங்கின் ஒரு பகுதியே.

காப்புறுதி வானேறியது

கப்பல்களுக்குக் காப்புறுதி வழங்கிப் பெயர்பெற்றது இலண்டனின் லாயிட்சு சந்தை. முதல் வானூர்திக் காப்புறுதி 1911-இல் அங்கேதான் எழுதப்பட்டது. ஆனால், மறு ஆண்டே அதைக் கைவிட்டார்கள். வானூர்திக் காட்சி ஒன்றில் காலநிலை கெட்டு, வானூர்திகள் அடுத்தடுத்து நொறுங்கியதால் ஏற்பட்ட இழப்பே காரணம். கடலைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கும் வானம் புதிதாகத்தான் இருந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் 1920-இல் வான்போக்குவரத்துச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதில் ஓர் உடன்பாடு பொதிந்திருந்தது. தகுந்த உயரத்தில் ஒரு வானூர்தி பறந்தது என்பதற்காக மட்டும் நிலத்துக்காரர் வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால், வானூர்தியோ அதிலிருந்து ஏதேனும் ஒரு பொருளோ விழுந்து இழப்பு நேர்ந்தால், ஓட்டுநர் கவனக்குறைவாக இருந்தார் என்று மெய்ப்பிக்காமலேயே ஈடு பெறலாம். பறப்பவருக்கு வழியும் கீழிருப்பவருக்குக் காவலும் ஒருசேரக் கிடைத்தன. 1982-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே கருத்து தொடர்கிறது.

அமெரிக்காவில் இதன் மறுபக்கத்தை ஒரு கோழிப்பண்ணை காட்டியது. வட கரோலினாவில் காசுபி குடும்பத்தாரின் பண்ணைக்கு மேலே 83 அடி உயரத்தில் இராணுவ வானூர்திகள் பறந்தன. அச்சத்தில் சுவரில் மோதியே ஏறத்தாழ 150 கோழிகள் மாண்டன. 1946-இல் உச்ச நீதிமன்றம், நிலத்துக்கு உரியவன் வானம் முழுமைக்கும் உரியவன் என்ற பழைய கொள்கைக்கு இக்காலத்தில் இடமில்லை என்றது. எனினும், நிலத்தைப் பயன்படுத்துவதற்குத் தேவையான தாழ்ந்த வெளியின்மீது அவனுக்கு உரிமை உண்டு என்றும் கூறி, ஈடு பெறும் உரிமையை ஏற்றுக்கொண்டது. இன்று டிரோன்கள் பறப்பது அந்தத் தாழ்ந்த வெளியில்தான்.

நாடுகளுக்கிடையே 1933-இலும் 1952-இலும் உரோமையில் கையெழுத்தான உடன்படிக்கைகள், நிலத்திலிருப்போருக்கு நேரும் இழப்பைப் பற்றியவை. அவற்றை ஏற்ற நாடுகள் குறைவே. ஆயினும், 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒரு வழக்கம் ஊன்றப்பட்டது: ஈட்டின் உச்ச அளவை வானூர்தியின் எடையைக் கொண்டு கணக்கிடுவது. அங்கே மிகச் சிறிய வகுப்பு 1,000 கிலோ வரையிலானது. அந்த எடை பிற்காலத்தில் எவ்வளவு சுருங்கியது என்பதைக் கீழே பார்ப்போம்.

சங்கமாய்ச் சேர்ந்தவர்கள்

பொழுதுபோக்காக மாதிரி வானூர்தி விடுவோர் தொடக்கத்திலேயே சங்கம் அமைத்துக்கொண்டனர். பிரிட்டனில் 1909-இல் பட்டம் விடுவோரும் மாதிரி வானூர்தி விடுவோரும் ஒரே சங்கமாக இணைந்தனர். அதன் வழிவந்ததே இன்றைய பிரிட்டிசு மாதிரி வான்பறப்புச் சங்கம். அமெரிக்காவில் 1936-இல் மாதிரி வானூர்திக் கழகம் தோன்றியது. அதற்கடுத்த ஆண்டு, குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் வானொலி அலையால் இயக்கும் மாதிரி வானூர்தியைப் போட்டிக்குக் கொண்டுவந்தனர். அவர்களுடைய 'பிக் கஃப்' இப்போது சிமித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை.

இச்சங்கங்கள் தத்தம் உறுப்பினருக்குப் பொறுப்புக் காப்புறுதியையும் பெற்றுத் தந்தன. நம் தோட்டப்புற மக்கள் மரண சகாய நிதியைத் தொடங்கியது எப்படி? ஒரு வீட்டில் துயரம் நேர்ந்தால் அவ்வீடு தனித்து நின்று தாங்காது. நூறு வீடுகள் மாதாமாதம் சிறு தொகை போட்டால் தாங்கலாம் என்பதுதானே கணக்கு? சங்கக் காப்புறுதியும் அதே கணக்குதான். ஆயிரம் பேர் தரும் சிறு சந்தாவில் ஒருவரின் பெருவிபத்து அடங்கிவிடும்.

அமெரிக்கக் கழகத்தின் ஏற்பாட்டைக் கூர்ந்து நோக்கினால் மூன்று கூறுகள் தெரியும்.

முதலாவது, காப்பு ஆளைத் தொடர்கிறது, வானூர்தியை அன்று. உறுப்பினர் எந்த மாதிரி வானூர்தியை விட்டாலும் காப்பு உண்டு. உச்ச அளவு 25 இலட்சம் டாலர்.

இரண்டாவது, கழகத்தின் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்துப் பறக்கவிட்டால்தான் காப்பு. விதியை மீறினால் பணம் இல்லை. விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இது வலிமையான ஆசிரியர்.

மூன்றாவது, உறுப்பினருக்கு வீட்டுக் காப்புறுதி இருந்தால் அதுதான் முதலில் கட்ட வேண்டும். போதாமற்போனதை மட்டும் கழகத்தின் காப்பு ஏற்கும்.

இவையெல்லாம் வெறும் முன்னெச்சரிக்கையா? 1979 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கின் சே விளையாட்டரங்கில், காற்பந்தாட்ட இடைவேளைக் காட்சியாக மாதிரி வானூர்திகள் பறந்தன. அவற்றுள் ஒன்று புல்வெட்டும் இயந்திரத்தின் வடிவில் செய்யப்பட்டது. எடை சுமார் 40 இராத்தல். அது கட்டுப்பாட்டை இழந்து பார்வையாளர் வரிசைக்குள் பாய்ந்தது. இருபது வயது இளைஞர் ஒருவர் அடிபட்டு, சில நாளில் உயிர்நீத்தார். விளையாட்டுப் பார்க்கச் சென்ற பிள்ளை வீடு திரும்பவில்லை. பொம்மை என்ற சொல் எடையைக் குறைத்துவிடாது.

ஆயிரம் கிலோவிலிருந்து கால் கிலோ வரை

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், போர் மற்றும் பயங்கரவாத இடர்களுக்கு வான்நிறுவனங்கள் பெற்றிருந்த காப்பைக் காப்புறுதியாளர்கள் ஏழு நாள் முன்னறிவிப்புடன் நீக்கினர். வானூர்திகள் தரையில் நின்றுவிடாதிருக்க அரசுகள் குறுக்கிட வேண்டியதாயிற்று. அதன்பின் ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் வானூர்திகளுக்கான குறைந்த அளவு காப்புறுதியைச் சட்டமாக்கியது. 2005-இல் அது நடைமுறைக்கு வந்தது. 20 கிலோவுக்குக் குறைந்த மாதிரி வானூர்திகளுக்கு அதில் விலக்கு உண்டு. செருமனி அந்த விலக்கோடு நிற்கவில்லை. எவ்வளவு எடை குறைந்ததானாலும் மாதிரி வானூர்திக்குப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும் என்று 2005 முதல் வற்புறுத்துகிறது. செருமானியப் பெற்றோர், பிள்ளைக்கு டிரோன் வாங்குமுன் தங்கள் குடும்பப் பொறுப்புக் காப்புறுதியில் அது அடங்குகிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

பிறகு எல்லாமே மாறியது. 2010-இல் கைப்பேசியால் இயக்கும் டிரோனைப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றும், 2013-இல் 'பேண்டம்' என்னும் டிரோனைச் சீனத்தின் டிஜேஐ நிறுவனமும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. பெட்டியைப் பிரித்த அன்றே பறக்கவிடலாம்.

இந்த மாற்றத்தின் உட்பொருளை நாம் உணர வேண்டும். முன்பு ஒருவர் மாதிரி வானூர்தி விட வேண்டுமானால், பல மாதம் மரச்சட்டங்களை ஒட்டிச் செய்ய வேண்டும். விடக் கற்க மூத்தவர் ஒருவர் வேண்டும். மூத்தவரைத் தேடிச் சங்கத்துக்குப் போவார். சங்கத்தில் விதியும் காப்புறுதியும் தாமாகவே வந்து சேரும். இப்போது துணைக்கோள் வழிகாட்டலால் டிரோன் தானே நிலையாய் நிற்கிறது. கற்பிக்க யாரும் தேவையில்லை. ஆகவே சங்கத்துக்குப் போக வேண்டியதில்லை. காப்புறுதியைக் கொண்டுவந்து சேர்த்த பாதை இப்படித்தான் அறுந்துபோயிற்று. யாரும் அதை வெட்டவில்லை, அது தேவையற்றதாகிவிட்டது.

விளைவுகள் விரைந்து வந்தன. 2015-இல் இங்கிலாந்தில், குடும்ப நண்பர் ஒருவர் வீட்டருகே விட்ட டிரோன் மரத்தில் மோதித் திரும்பி, ஒன்றரை வயதுக் குழந்தையின் கண்ணைப் பறித்தது. 2017 செப்டம்பரில் நியூயார்க் அருகே, கண்பார்வைக்கு எட்டாத தொலைவில் பொழுதுபோக்காளர் ஒருவர் விட்ட டிரோன் இராணுவ உலங்கூர்தியுடன் மோதியது. உலங்கூர்தி பத்திரமாகத் தரையிறங்கியது நற்பேறு. 2018 டிசம்பரில் டிரோன் காணப்பட்டதாகச் செய்தி பரவ, இலண்டன் கேட்விக் விமான நிலையம் முடங்கியது. ஏறத்தாழ 1,000 விமானச் சேவைகளும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர். 2019 சூனில் நம் அண்டையிலுள்ள சாங்கியிலும் 37 விமானங்கள் தாமதமாயின.

கேட்விக்கில் அதை விட்டவர் யார் என்பது இறுதிவரை வெளிப்படவில்லை. ஆள் தெரியாதபோது பொறுப்பை யார்மேல் சுமத்துவது? அதனால்தான் பதிவு முதலில் வந்தது. அமெரிக்கா 2015 டிசம்பர் 21 முதல் 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களின் உரிமையாளர் பதிந்துகொள்ள வேண்டும் என்றது. பொழுதுபோக்காளர் ஒருவர் வழக்காடி 2017 மே மாதத்தில் அதை நீக்கச் செய்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே நாடாளுமன்றம் சட்டத்தால் அதை மீட்டுக்கொண்டது. சிங்கப்பூர் 2015-இல் தனிச்சட்டம் இயற்றி, 2020 சனவரியில் 250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவு செய்வோருக்குக் குறைந்தது 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். மலேசியாவின் 2016-ஆம் ஆண்டு விதிமுறைகள், இசைவின்றி 400 அடிக்கு மேல் பறக்கவிடலாகாது என்கின்றன.

1952-இல் 1,000 கிலோ. 2004-இல் 20 கிலோ. 2015-இல் 250 கிராம். அறுபது ஆண்டுகளில் சட்டத்தின் தராசு இவ்வளவு நுணுகிவிட்டது. வணிகரும் விடுவார்களா? 2019-இல் 249 கிராம் எடையுள்ள டிரோன் கடைக்கு வந்துவிட்டது!

காப்புறுதியாளரும் புதுவழி கண்டனர். 2016-இல் அமெரிக்காவில் 'வெரிஃபிளை' என்னும் கைப்பேசிச் செயலி, டிரோனுக்கு மணிக்கணக்கில் காப்புறுதி விற்றது. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் விடுவதற்கு ஒரு மணி நேரக் காப்பு. சங்கம் செய்த வேலையைச் செயலி செய்ய முனைந்தது. ஆனால், சங்கத்து மூத்தவர் அருகில் நின்று, "தம்பி, ஆட்கள் தலைக்கு மேலே விடாதே" என்று சொல்லுவாரே, அந்தச் சொல்லை எந்தச் செயலியாலும் விற்க முடியாது.

நாம் தெளிவாக அறிய வேண்டியவை

காப்புறுதி என்றதும் பலர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். டிரோன் உடைந்தால் ஈடு தருவது ஒன்று. விடுகிறவர் அடிபட்டால் மருத்துவச் செலவு தருவது இன்னொன்று. பிறர் அடிபட்டால், அல்லது பிறர் உடைமை கெட்டால், நம் சார்பில் ஈடு தருவது மூன்றாவது. கடையில் டிரோனோடு சேர்த்து விற்கப்படும் காப்பு பெரும்பாலும் முதல் வகை. மாணவர் விபத்துக் காப்புறுதி இரண்டாவது வகை. நம் பிள்ளை அடிபட்டால் உதவும், நம் பிள்ளையால் அடிபட்டவருக்கு உதவாது. குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடியது மூன்றாவது வகை இழப்பு. நம்மிடம் பெரும்பாலும் இல்லாததும் அதற்கான காப்புதான்.

வீட்டுக் காப்புறுதியையும் படித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பரவலாக வழங்கிவந்த வீட்டுக் காப்புறுதிப் படிவம் 'வானூர்தியால் வரும் பொறுப்பு அடங்காது' என்று விலக்கிவிட்டு, 'ஆளையோ சரக்கையோ சுமக்காத பொழுதுபோக்கு மாதிரி வானூர்தி அந்த விலக்கில் சேராது' என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருந்தது. டிரோன் வந்தபோது பலருக்கு அந்தச் சிறிய வரியே கைகொடுத்தது. பணம் வாங்கிக்கொண்டு திருமணப் படம் பிடித்தால் அது பொழுதுபோக்கு ஆகாது, வாசல் அடைபட்டுவிடும். நம் நாட்டு ஒப்பந்தங்களின் சொற்கள் வேறாக இருக்கலாம். முகவரிடம் வாய்மொழியாகக் கேட்பதோடு நில்லாமல், எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

"250 கிராமுக்குக் கீழ்தானே, நமக்கு எதுவும் இல்லை" என்பதும் பிழையான எண்ணம். எடை குறைவென்றால் பதிவிலிருந்து விலக்குக் கிடைக்கலாம், பொறுப்பிலிருந்து கிடைக்காது. பிள்ளை செய்த ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் தாமாகவே சட்டப் பொறுப்பாளர் ஆவதில்லை என்பது பொதுச் சட்டத்தின் நிலை. ஆனால், ஆபத்தான பொருளைக் கொடுத்துவிட்டுக் கண்காணிக்காமல் விட்டது பெற்றோரின் கவனக்குறைவு என்று காட்டப்பட்டால் நிலைமை வேறு. பள்ளித் திடலில் என்றால் ஆசிரியரின் கண்காணிப்பும் கேள்விக்குள்ளாகும். விளையாட்டுப் போட்டி நாளில் படம் பிடிக்க யாரேனும் டிரோன் கொண்டுவந்தால், அவரிடம் இசைவும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று. கூடாரத்தில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு நாம் செய்யும் கடமை அது.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாத மோட்டார் சைக்கிளைச் சாலையில் ஓட்ட நம் சட்டம் விடாது. அந்தக் காப்பு ஓட்டுகிறவருக்காக ஏற்பட்டதன்று. சாலையோரம் நடந்து செல்லும் முன்பின் அறியாத ஒருவருக்காக ஏற்பட்டது. டிரோனுக்கும் அந்த மனப்பான்மை வர வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டுமா? 1909-லும் 1936-லும் சங்கம் அமைத்தவர்கள் அரசாணையை எதிர்பார்த்து நிற்கவில்லை. பறக்க ஆசைப்பட்டார்கள், கீழிருப்பவரையும் எண்ணிப் பார்த்தார்கள்.

நம் பள்ளிகளில் அறிவியல் கழகங்கள் இருக்கின்றன. ஊர்தோறும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றன. டிரோன் வைத்திருக்கும் பத்துப் பெற்றோர் சேர்ந்தால் ஒரு சிறு குழு ஆகலாம். குழுவாகக் காப்புறுதி கிடைக்குமா என்று விசாரிக்கலாம். எங்கே விடுவது, எப்போது விடக்கூடாது என்று பிள்ளைகளோடு அமர்ந்து விதி எழுதலாம். விதியைப் பிள்ளைகளே எழுதினால் அதை அவர்களே காப்பார்கள். இது வகுப்பறையில் நாம் நாளும் காண்பது.

பிள்ளை பறக்கட்டும். பறக்கவிடுமுன் கீழே யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்க்கவும் அவனுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்